சொல் விளக்கம்: ஃபொலிக்கிள் ஸ்கான்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைக்காக மருந்தெடுக்கும் பெண்கள் இதை 'முட்டை ஸ்கான்' என்பார்கள். "வலப்பக்கத்து முட்டை 18 வந்திட்டுதாம், நாளையண்டைக்கு திரும்ப வரட்டாம்." டொக்டர் எழுதித் தரும் துண்டிலோ ஃபொலிக்கிள் ஸ்கான் என்றிருக்கும். முட்டை எப்போது வெளியேறும் என்று அறிய, சூலகத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் சோதனை இது.

அந்த 18 மில்லிமீற்றர் முட்டையின் அளவு அல்ல. மனித முட்டையின் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்தான், இந்த ஸ்கானில் அது தெரியவே தெரியாது. திரையில் கறுப்பு வட்டமாகத் தெரிவது, முட்டையை உள்ளே வைத்திருக்கும் நீர்ப்பை. தெளிந்த நீர் ஒலியைத் திருப்பி அனுப்பாது, அதனால் கறுப்பு.

லத்தீனில் ஃபோலிஸ் என்றால் தோற்பை, கொல்லன் துருத்தி. ஃபொலிகுலஸ், சின்னப் பை. சூலகத்தில் இந்தப் பைகளை 1672இல் விரிவாக விளக்கியவர் ரெய்னியர் டி கிராஃப், அப்போது கொழும்பை ஆண்டுகொண்டிருந்த ஒல்லாந்தரின் நாட்டவர். அவரே முழுப் பையையும் முட்டை என்றுதான் எண்ணினார்! உள்ளே இருக்கும் உண்மையான முட்டையை, நாயின் சூலகத்தில், கருவியலாளர் ஃபொன் பேயர் கண்டது 1827இல்.

சரி, தமிழில்? நம் பாடநூல்களில் 'புடைப்பு'. புடைத்திருப்பது சொல்லில் தெரிகிறது, பை தெரியவில்லை. 'சூற்பை' என்னலாமென்றால் அதைச் சூலகம் முழுவதற்குமே சொல்கிறார்கள். தமிழ்நாட்டுச் 'சினைப்பை'யும் அப்படியே. ஆகவே என் தெரிவு 'சூல் நுண்பை'. அல்ட்ராசவுண்டுக்கு இங்கே கழியொலி, அங்கே மீயொலி. பேச்சுக்கு 'நுண்பை ஸ்கான்' போதும்.

மாதவிடாய் தொடங்கி பத்தாம் நாள் அளவிலிருந்து, பெரும்பாலும் யோனி வழியாக, ஓரிரு நாள் இடைவெளியில் பார்ப்பார்கள். முந்திக்கொண்ட நுண்பை நாளுக்குச் சுமார் 2 மில்லிமீற்றர் வளர்ந்து, பொதுவாக 18 முதல் 24 மில்லிமீற்றருக்குள் வெடிக்கும். வட்டம் சுருங்கி, கருப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் தெரிந்தால் முட்டை வெளியேறியிருக்கும் என்று கொள்வார்கள். பாடநூல் இதைச் 'சூல்கொள்ளல்' என்கிறது. அம்மம்மாமாருக்கு அது கர்ப்பமாவது. 'முட்டை வெளியேறல்' என்றால் குழப்பமில்லை.

அப்புறம், பிசிஓஎஸ் (ஹோர்மோன் கோளாறால் முட்டை ஒழுங்காக வெளியேறாத நிலை) உள்ளவர்களுக்குச் சொல்லும் 'நீர்க்கட்டி'. அவையும் பாதி வளர்ச்சியில் நின்றுபோன இதே நுண்பைகள்தான். கட்டி என்றதும் ஒப்பரேஷனா என்று பயந்து போகிறார்கள்.