பூட்டுவதற்குக் கதவு எங்கே?

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். குறும்படம் எடுக்கிறவர், அடுத்து முழுநீளப் படம் எடுக்கும் எண்ணம் உண்டாம். "படம் திரைக்கு வந்த அன்றிரவே இணையத்திலும் வந்துவிடுகிறது. எந்தத் தளம் என்று ஊருக்கே தெரியும். நீதிமன்றமும் தடை போடுகிறது. பிறகு ஏன் அண்ணா மூட முடியவில்லை?" என்று கேட்டிருந்தார்.

புறக்கோட்டை நடைபாதையில் கள்ள சிடி விற்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு மேசை இருந்தது, விற்பவர் இருந்தார். பொலிஸ் வந்தால் பெட்டியோடு அள்ளிக்கொண்டு போகலாம். யார், எங்கே என்ற இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டுதான் சட்டம் நடக்கிறது. இணையத்தில் இந்த இரண்டுக்குமே பதில் வழுக்கிக்கொண்டு போகிறது.

பதிப்புரிமைச் சட்டம் நாட்டுக்கு நாடு தனித்தனி. இலங்கையில் நம்மிடம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. அதன் கை இந்தத் தீவின் கரையோடு நின்றுவிடும். களவுத் தளத்தின் பெயர் ஒரு நாட்டில் பதிவாகியிருக்கும், தளத்தை வைத்திருக்கும் கணினியான சேர்வர் இன்னொரு நாட்டில் ஓடும், நடத்துபவர் மூன்றாவது நாட்டில் இருப்பார். நடுவில் வேறொரு நிறுவனத்தின் கணினி திரைபோல நின்று உண்மையான சேர்வரின் ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் அதன் இலக்கத்தை, மறைத்திருக்கும். இதையெல்லாம் விலக்கி ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் தளம் வேறு பெயரில் வந்துவிடும். இந்திய நீதிமன்றங்களில் பெயர் தெரியாத பிரதிவாதிக்கு 'அசோக் குமார்' என்று ஒரு பெயரை வைத்தே கட்டளை வாங்குகிறார்கள். 2019இல் டில்லி உயர் நீதிமன்றம், புதிது புதிதாக முளைக்கும் நகல் தளங்களையும் அதே வழக்கிலேயே சேர்த்துக்கொள்ள வழி செய்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்தத் தடையால் இணைய நிறுவனம் நமக்கு வழி காட்டாமல் இருக்கும், அவ்வளவே. தளம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இங்கே சமூக ஊடகங்களை முடக்கியபோது என் வீட்டில் அம்மாகூட, தடையைச் சுற்றி வேறு நாட்டு வழியாக இணையத்துக்குப் போகும் வி.பி.என். போடப் பழகிவிட்டார்.

சரி, சேர்வரையே பிடித்துவிட்டால்? அதுவும் நடந்தது. 2006 மே 31ஆம் திகதி ஸ்வீடன் பொலிஸார் 'த பைரேட் பே' என்ற பேர்பெற்ற களவுத் தளத்தின் சேர்வர்களை அள்ளிச் சென்றார்கள். மூன்று நாளில் தளம் திரும்பி வந்தது. 2009இல் அதன் பின்னால் இருந்தவர்களுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தளம் ஓடிக்கொண்டே இருந்தது. 2014 டிசம்பரில் மறுபடி சோதனை, 2015 ஜனவரி முடிவதற்குள் மறுபடி வருகை.

அதன் சூட்சுமத்தைத்தான் நான் ஆசையாகச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தத் தளத்தில் படங்களே கிடையாது. படம் துண்டு துண்டாக, பார்ப்பவர்களின் கணினிகளில் கிடக்கிறது. 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டொரண்ட் முறை அது. 2012இல் பைரேட் பே இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகையை மட்டும் வைத்துக்கொண்டது. கோப்பை ஒரு கணிதச் சூத்திரத்துக்குள் விட்டால், 0, 1 மட்டுமே வரும் 160 இலக்கங்கள் கொண்ட ஓர் இரும எண் வெளியே வரும். கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் முழுக்க மாறிவிடும். 160 இலக்கம் என்றால் 20 பைட். பத்து இலட்சம் கோப்புகளின் கைரேகைகளைச் சேர்த்தாலும் 20 எம்.பி.தான்! தொலைபேசியில் எடுக்கும் நாலைந்து புகைப்படங்களின் அளவு. யாரும் பிரதி எடுத்து அடுத்த நாளே இன்னொரு தளம் திறக்கலாம்.

கைரேகை கிடைத்துவிட்டது, அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? எந்த மையத்திலும் பட்டியல் இல்லை. இங்கேதான் 2002இல் மேமூன்கோவ், மசியேர் என்ற இருவர் வெளியிட்ட 'கடெம்லியா' என்ற முறை வருகிறது. எனக்கு இது கணினியியலின் மிக அழகான யோசனைகளில் ஒன்று.

வலையில் சேரும் ஒவ்வொரு கணினியும் தனக்கும் 160 இலக்க எண் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொள்கிறது. ஒரு கைரேகைக்கு எந்தக் கணினிகளின் எண் மிகக் கிட்டவோ, அவைதான் 'இந்தக் கோப்பு இன்னின்னாரிடம் இருக்கிறது' என்ற குறிப்பை வைத்திருக்க வேண்டும். கிட்ட என்றால் ஊர்க் கணக்கில் கிட்ட இல்லை. இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒரே இலக்கம் வரும் இடத்தில் 0, வேறுபடும் இடத்தில் 1 போடுங்கள். 1010, 1001 இரண்டுக்கும் விடை 0011; அந்த இரும எண்ணைச் சாதாரண எண்ணாக்கினால் தூரம் 3. 1010, 0010 இரண்டுக்கும் 1000, அதாவது 8. முன்பக்கம் ஒத்துப்போனால் கிட்ட; அவ்வளவுதான்.

ஒவ்வொரு கணினிக்கும் தன் அயலில் உள்ளவர்களை நன்றாகத் தெரியும், தூரத்தில் ஒரு சிலரைத் தெரியும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டைத் தேடி மருதானையில் இறங்குபவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளுக்கு வீடு தெரியாது, காலி வீதி பஸ் தெரியும். பஸ்ஸில் இருப்பவருக்கு ஒழுங்கை தெரியும். ஒழுங்கை முனைக் கடைக்காரருக்கு வீடே தெரியும். வலையிலும் அதே கதை. ஒவ்வொரு கேள்விக்கும் முன்பக்கத்தில் குறைந்தது ஓர் இலக்கமாவது கூடுதலாகப் பொருந்தும், தேட வேண்டிய கூட்டம் பாதியாகும். பத்து இலட்சம் கணினிகள் இருந்தாலும் ஏறக்குறைய இருபது கேள்விகளில் ஆளைப் பிடித்துவிடலாம். இரட்டிப்பாக்கினால்? ஒரே ஒரு கேள்வி கூடும்!

அந்தக் குறிப்பு தெஹிவளையில் ஒரு மாணவரின் மடிக்கணினியில் இருக்கலாம். தான் எதை வைத்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. அவர் கணினியை அணைத்தாலும் குறிப்பு அழியாது. கிட்டிய எட்டுக் கணினிகள் வரை அதை வைத்திருக்கும், கோப்பு உள்ளவர்கள் மறுபடி மறுபடி அறிவித்துக்கொண்டும் இருப்பார்கள். நீதிமன்றம் யாருக்கு அழைப்பாணை அனுப்பும்?

இப்போது பெரும்பாலானோர் டொரண்ட் பக்கம் போவதில்லை, நேரடியாக ஓடும் வீடியோவையே பார்க்கிறார்கள் என்பது உண்மை. அங்கும் முகப்பு ஓரிடம், வீடியோ வேறிடம் என்ற அதே பிரிப்புத்தான்.

கோபத்தில் கண்டபடி தடுத்தால் என்ன ஆகும் என்பதை இத்தாலியில் பார்த்தோம். முறைப்பாடு வந்து 30 நிமிடங்களுக்குள் முடக்கும் ஏற்பாட்டை 2024இல் அங்கே தொடங்கினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் கூகுள் டிரைவே பல மணிநேரம் முடங்கியது. நீதிமன்றத்தின் நிதானத்தைக் குறையாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த நிதானம் குற்றமற்றவர்களின் தளங்களையும் காக்கிறது.

தம்பி, உங்கள் படத்தைக் காக்க வேறோர் இடத்தைப் பாருங்கள். வலைக்கு முகவரி இல்லை, கசிவுக்கு உண்டு. டிஜிட்டல் திரையரங்குக் கருவிகள் படத்திலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடாத 35 இரும இலக்கக் குறி ஒன்றைப் போடுகின்றன. அதில் 16 இலக்கம் நேரத்துக்கு, 19 இலக்கம் எந்தக் கருவி என்பதற்கு. இணையத்தில் கிடைக்கும் களவுப் பிரதியிலிருந்து அரை மணிநேரத் துண்டு போதும், எந்த அரங்கில், எந்த நாளில், எந்தக் கால் மணிநேரத்தில் பிடித்தது என்று வாசித்துவிடலாம். விநியோகஸ்தரோடு ஒப்பந்தம் போடும்போது, உங்கள் படம் ஓடும் அரங்குகளில் அந்தக் குறி போடப்படுகிறதா என்று கேளுங்கள்.