தோழனைப் பிரிந்த குதிரைக்கு என்ன நேர்கிறது?

உடன் நின்ற தோழனை யாரோ அழைத்துச் சென்ற சில நொடிகளிலேயே, எஞ்சிய குதிரை தலையை உயர்த்திக் கனைக்கிறது. வேலியோரமாக முன்னும் பின்னும் நடக்கிறது. குளிரிலும் அதன் கழுத்து வியர்வையில் நனைகிறது. இதைப் பிடிவாதம் என்று எண்ணித் தண்டிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பெரும் பிழை.

குதிரை வேட்டையாடப்படும் விலங்காகவே பரிணமித்தது. பக்கவாட்டில் அமைந்த கண்களால் ஏறத்தாழ 350 பாகைவரை பார்க்க முடிந்தாலும், வாலுக்கு நேர்ப்பின்னால் வருவது அதற்குத் தெரிவதில்லை. நின்றபடியே உறங்கும் என்பது பாதி உண்மைதான். கனவுநிலைத் தூக்கத்தை முழுமையாகப் பெற அது படுத்தே ஆக வேண்டும், கூட்டத்தில் ஒன்று விழித்துக் காவல் நிற்கும்போதுதான் மற்றவை துணிந்து படுக்கின்றன. ஆகவே, தோழன் போய்விட்டால் குதிரை இழப்பது பழக்கமான முகத்தை மட்டுமல்ல, தன் கண்கள் எட்டாத திசையைக் காத்த கண்களையும் நிம்மதியான உறக்கத்தையும் சேர்த்தே இழக்கிறது.

அந்த இழப்பை உடல் உடனே உணர்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் இதயம், பீதியில் 100-ஐக் கடந்துவிடக்கூடும். அட்ரினலின், கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன்கள் ஓடுவதற்கு உடலை ஆயத்தப்படுத்துகின்றன. கனைப்பிலும் இது பதிவாகிறது. குதிரைகளைத் தோழர்களிடமிருந்து பிரித்தும் மீண்டும் சேர்த்தும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஒலிகளைப் பதிவுசெய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, கனைப்பில் ஒரே நேரத்தில் இரண்டு அடிப்படை அதிர்வெண்கள், அதாவது தாழ்ந்ததும் உயர்ந்ததுமான இரண்டு சுருதிகள், ஒலிப்பதைக் காட்டியது. தாழ்ந்த அதிர்வெண் உணர்ச்சிக் கிளர்ச்சியின் அளவையும், உயர்ந்தது அந்த உணர்வு இனியதா துன்பமானதா என்பதையும் தெரிவிக்கின்றன. சேரும்போது எழும் கனைப்பு, பிரியும்போது எழுவதைவிடக் குறுகியது.

இந்த நிலையில் உள்ள விலங்கைக் கொட்டடியில் பூட்டி, கத்தி ஓயட்டும் என்று விடுவதை நான் ஏற்பதில்லை. களைத்து அடங்குவதும் அமைதியடைவதும் ஒன்றல்ல. அதற்குள் அது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவும் கூடும். பிரிவு என்றால் பேரச்சம் என்ற தொடர்பே அதனால் இறுகுகிறது.

பலனளிப்பது, அச்சம் எழும் எல்லைக்குள்ளேயே பயிற்சியைத் தொடங்கும் முறை. தோழன் கண்பார்வையிலேயே இருக்க, சில அடிகள் மட்டும் விலக்கி, குதிரை தளர்ந்து நிற்கும்போதே மீண்டும் சேர்த்துவிட வேண்டும். திமிறும் வரை காத்திருந்து திரும்பினால், திமிறியதால்தான் தோழன் கிடைத்தது என்பதையே அது கற்றுக்கொள்ளும். தூரத்தையும் நேரத்தையும் ஒரே நாளில் கூட்டக் கூடாது. தான் போவதும் தோழன் போவதும் குதிரைக்கு வெவ்வேறு அனுபவங்கள் என்பதால் இரண்டையும் தனித்தனியே பழக்க வேண்டும். எல்லையைக் கடந்துவிட்டோமா என்பதை அறியும் எளிய வழி தீவனம்தான்: விரும்பிய வைக்கோலைக்கூடத் தொடாமல் காதுகளைத் தோழன் போன திசையிலேயே நிறுத்தியிருந்தால், அன்று நாம் அதிகம் கேட்டுவிட்டோம் என்று பொருள்.

துணைக்கு வேறொரு குதிரையோ ஆடோ இருப்பது பலவற்றுக்கு உதவுகிறது. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுப் பகுதியை மென்மையாகச் சொறிந்துவிடலாம். குதிரைகள் ஒன்றையொன்று நீவிக்கொள்ளும் இடம் அது, அங்கே தேய்த்தால் இதயத்துடிப்பு குறைவது 1993-இலேயே அளந்து காட்டப்பட்டது. ஆனால், முன்பு தனியே அமைதியாக நின்ற குதிரை திடீரென இப்படி மாறினால், பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பார்வைக் குறைவும் இரைப்பைப் புண்ணின் வலியும்கூட அதைத் தோழனோடு ஒட்டிக்கொள்ளச் செய்யலாம்.

இந்தப் பயிற்சி வாரக்கணக்கில் நீளும். நடுவே பின்னடைவுகளும் வரும். தோழன் நடந்து போகும்போது குதிரை ஒருமுறை தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மீண்டும் வைக்கோலுக்கே குனியும் நாளில் அடுத்த சில அடிகளைக் கூட்டலாம்.