தேய்க்காதீங்க, காய வைக்காதீங்க

தொல்பொருள்களைப் பாதுகாக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு, தடா பக்கம் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து போன் வந்தது. வலையில் இரும்புக் குண்டு மாட்டியிருக்கிறதாம். இது பழவேற்காடு ஏரி, உப்புத் தண்ணீர். இதன் கரையில்தான் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். பீரங்கிக் குண்டு ஏறினால் அதிசயமில்லை. நான் போனபோது குண்டு திண்ணையில் இருந்தது.

"நல்லா தேய்ச்சு வெயில்ல வெச்சிருக்கேன் சார்" என்றார் பெரியவர். குண்டைச் சுற்றி வெங்காயச் சருகு மாதிரி செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலில் எடுத்த ஆணியை மேஜையில் உலர விட்டுவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் நான். திரும்பி வந்து அள்ளியது துருத்தூளைத்தான்.

வார்ப்பிரும்பு உப்புத் தண்ணீரில் பல காலம் கிடந்தால் இரும்பு கரைந்து, பென்சில் கரி போன்ற மெத்தென்ற கூடுதான் வெளிப்புறத்தில் மிஞ்சும். உருவம் மாறாது. ஆனால் கத்தி வைத்தால் கீறலாம், உள்ளெல்லாம் உப்பு. தண்ணீருக்குள் இருக்கும்வரை சாதுவாக இருக்கும். காய்ந்து காற்றுப் பட்டதும் துரு உள்ளிருந்து பொங்கி வெடிக்கும்.

அதனால் இரும்போ மரமோ, பிளாஸ்டிக் வாளியில் அது கிடந்த தண்ணீரிலேயே முங்க வையுங்கள். அப்புறம் தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். மரம் இன்னும் மோசம். காய்ந்தால் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். சுவீடனில் 1961-இல் கடலடியிலிருந்து தூக்கிய வாசா என்ற பழைய மரக்கப்பலுக்கு, மரம் சுருங்காதிருக்க மெழுகு போன்ற கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள்.

ஆய்வகத்தில் குண்டை காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப்போட்டு, கரைசலை மாற்றிக்கொண்டே இருப்போம். எடுத்த கரைசலில் நைட்ரிக் அமிலம் விட்டு, ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட். பால் மாதிரி வெளுத்தால் உப்பு இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். உப்பு நின்றபின் கழுவி உலர்த்தி, டானிக் அமிலம் (கடுக்காயின் துவர்ப்பு இந்த வகைதான்) பூசுவோம். துரு கறுத்து அடங்கும். காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் கடுக்காயில் ஊறிய துணியில் இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு போடுவதும் இதே கணக்குதான்.

பெரியவரின் குண்டு இப்போது எங்கள் தொட்டியில், முக்கால்வாசி உருவத்தோடு. மாதம் ஒரு தடவை போன் செய்கிறார்.

"இன்னும் பால் மாதிரி வருதா சார்?"

வருகிறது.