டங்க் – சொல் விளக்கம்

கூடைப்பந்தில் பந்தை வளையத்துக்கு மேலே கொண்டுபோய், கையாலேயே கீழ்நோக்கி உள்ளே அழுத்திப் புள்ளி எடுப்பதற்கு டங்க் என்று பெயர். பந்தை எறிவதும் இல்லை, வளையத்துக்குப் பின்னால் இருக்கும் பலகையில் பட்டு விழ விடுவதும் இல்லை. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். பந்தைப் பிடித்த கை வளையத்தின் விளிம்பைத் தாண்டி மேலே போயாக வேண்டும். உயரம், எம்பும் வலு, பந்தை அடக்கும் உள்ளங்கை எல்லாம் சேர்ந்தால்தான் இது கைகூடும். கிடைப்பது என்னவோ 2 புள்ளிதான். வளையத்துக்கு அடியில் நின்று மெல்லப் போட்டாலும் அதே 2 புள்ளி.

சொல்லின் வேர் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. அங்கே 'டுங்கென்' என்றால் நனை, தோய் என்று பொருள். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியரின் வட்டாரப் பேச்சு வழியாக அது அமெரிக்க ஆங்கிலத்துக்குள் வந்தது. ரொட்டியையோ டோனட்டையோ காப்பியில் முக்கித் தின்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் இது. நாம் பன்னை டீயில் முக்கித் தின்கிறோமே, அதேதான்.

விளையாட்டுக்கு இந்தச் சொல் வந்த கதை சுவையானது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில்தான் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்க விளையாட்டானது. அதற்கு முன் அமெரிக்காவில் ஜோ ஃபோர்டன்பெரி என்ற நெட்டை ஆட்டக்காரர் எம்பிப் பந்தை மேலிருந்து வளையத்துக்குள் விட்டதைப் பார்த்த நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஆர்தர் டேலி, உணவகத்தில் ஒருவர் ரொட்டியைக் காப்பியில் முக்குவது போல இருந்ததாக எழுதினார். அந்த உவமையே பிறகு பெயராக ஒட்டிக்கொண்டது.

இந்தச் சொல்லின் வரலாற்றில் மறக்கக்கூடாத நாள் 1966 மார்ச் 19. மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க் நகரில், கோல் ஃபீல்டு ஹவுஸ் அரங்கத்தில், அமெரிக்கக் கல்லூரிகளுக்கான கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் அடால்ஃப் ரப் பயிற்றுவித்த கென்டக்கி. அணியில் எல்லோரும் வெள்ளையர். எதிரே எல் பாசோ நகரிலிருந்து வந்த டெக்சாஸ் வெஸ்டர்ன். அதன் பயிற்றுநர் டான் ஹாஸ்கின்ஸ் தொடக்க ஆட்டக்காரர்களாக இறக்கிய ஐந்து பேரும் கறுப்பினத்தவர். இப்படிப்பட்ட இறுதி ஆட்டத்தில் அதற்குமுன் யாரும் அப்படிச் செய்ததில்லை. சொந்த ஊரில் ஆடும்போது இரண்டு கறுப்பர், வெளியூரில் மூன்று, தோற்றுக்கொண்டிருந்தால் நான்கு என்று பயிற்றுநர்கள் எழுதாத கணக்கு வைத்திருந்த காலம் அது. கறுப்பர்கள் குதிப்பார்கள், ஓடுவார்கள், ஆனால் நெருக்கடியில் யோசித்து ஆட ஒரு வெள்ளையராவது உடன் வேண்டும் என்று பலர் வெளிப்படையாகவே பேசினார்கள்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே டெக்சாஸ் வெஸ்டர்னின் டேவிட் லாட்டின் பந்தோடு எழும்பி, தடுக்க வந்த கென்டக்கியின் பாட் ரைலியின் தலைக்கு மேலே அதை வளையத்தில் அறைந்தார். வாய்ப்புக் கிடைத்ததும் பலமாக ஒரு டங்க் போடு என்று ஹாஸ்கின்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்ததாக லாட்டின் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்புறம் பாபி ஜோ ஹில் எதிரணியின் கையிலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை பந்தைப் பறித்துப் புள்ளியாக்கினார். முடிவில் 72–65. பதறாமல், திட்டம் பிசகாமல், பந்தைப் பொறுமையாகச் சுழற்றி ஜெயித்தார்கள். அன்று டெக்சாஸ் வெஸ்டர்னுக்காகக் களமிறங்கிய ஏழு பேருமே கறுப்பினத்தவர்.

2006இல் வந்த 'குளோரி ரோட்' படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. ஹாஸ்கின்ஸ் வந்த முதல் ஆண்டிலேயே கோப்பை வென்றதாகப் படத்தில் வரும். உண்மையில் அவர் 1961இலேயே அங்கே சேர்ந்துவிட்டார். ஐந்து ஆண்டு உழைப்பை ஒரே பருவமாகச் சுருக்கியது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் லாட்டினைத் தெரியாத ஒரு தலைமுறைக்கு அவரைக் கொண்டுசேர்த்த படம் அது.

அந்த ஆட்டம் நடந்த மறு ஆண்டு, 1967இல், கல்லூரி ஆட்டங்களில் டங்க்கையே தடை செய்தார்கள். காயம் படுகிறது, வளையமும் பலகையும் சேதமாகின்றன என்று காரணம் சொன்னார்கள். யூ.சி.எல்.ஏ. எனப்படும் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக அணியின் லூ ஆல்சிண்டரைக் கட்டுப்படுத்தவே இந்த விதி என்று ஊரே பேசியது. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட அவர், தடைக்குப் பின்னால் இனவெறி இருப்பதாகவே பார்த்தார். நானும் அவர் பக்கம்தான். கறுப்பின இளைஞர்கள் தெருக்களில் ஆடி வளர்த்து, தங்கள் முத்திரையாகவே ஆக்கிக்கொண்ட ஒரு வித்தையை, அவர்கள் பெரிய மேடைக்கு வந்த நேரம் பார்த்து விதிப்புத்தகம் வெளியே தள்ளியது. தடை 1976இல்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஆல்சிண்டர், கையை வளைத்துத் தலைக்கு மேலாகப் பந்தை எறியும் தன் கொக்கி வீச்சைத் தீட்டிக்கொண்டார். அதைத் தடுக்கவும் ஆள் இல்லை.

'ஸ்லாம் டங்க்' என்ற தொடரைப் பரப்பியவர் லாஸ் ஏஞ்சலிஸின் தொழில்முறை அணியான லேக்கர்ஸின் வர்ணனையாளர் சிக் ஹெர்ன். 1970களின் பிற்பகுதியில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து வர்ணனை செய்தவர் யார் தெரியுமா? லாட்டினைத் தடுக்க எழும்பிய அதே பாட் ரைலி.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு 'முக்கு', 'தோய்' என்றால் சட்டினிதான் நினைவுக்கு வரும். வேகமும் வலுவும் வராது. 'திணி' பொருளளவில் நெருக்கம். ஆனால் 'திணிப்பு' என்றதும் நமக்கு மொழிப்போர் ஞாபகம் வந்துவிடும், பாராட்டாக ஒலிக்காது. 'அறை' நன்றாக இருக்கிறது. மேலிருந்து கீழே என்ற திசைதான் அதில் இல்லை.

என் தேர்வு 'இறக்கு'. 'ஓங்கி ஒண்ணு இறக்கினான்' என்று பேச்சில் சொல்கிறோம். மேலிருந்து கீழே வருவதும், கையின் பலமும், கொஞ்சம் துணிச்சலும் அந்த ஒரு வினையிலேயே இருக்கின்றன. 'லாட்டின் பந்தை வளையத்தில் இறக்கினார்' என்றால் விளக்கம் தேவைப்படாது. ஸ்லாம் டங்க்குக்கு 'ஓங்கி இறக்கினார்'. பெயர்ச்சொல் வேண்டிய இடத்தில் 'கூடையிறக்கல்' எனலாம். 'இறக்கம்' வேண்டாம், அது தானாக இறங்குவதையும் சரிவையும் குறிக்கும். ஆட்டக் களத்தில் பையன்கள் 'டங்க் அடிச்சான்' என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள், சொல்லட்டும். செய்தி எழுதுபவர்களும் வர்ணனை செய்பவர்களும் 'இறக்கு' என்ற வினையை முதலில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தால், பெயர்ச்சொல் தானாக அமைந்துகொள்ளும்.