சோபா குஷனைத் துவைக்காதீர்கள், தயவுசெய்து

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று சோபா குஷனை பக்கெட்டில் முக்கி எடுத்தவர்கள் எல்லோரும் கார்த்திகையில், சோபா வேலை செய்கிற எனக்கு போன் செய்கிறார்கள். இந்த வருடமும் ஆரம்பித்துவிட்டது. நேற்று வந்த அம்மா சொன்னது: "ரெண்டு நாள் மொட்டை மாடியில நல்ல வெயில்ல போட்டேன் தம்பி. தொட்டுப் பாத்துட்டுதான் எடுத்து வெச்சேன். இப்ப உக்காந்தாலே ஒரு வாடை வருது." ஃபோமை நடுவில் அறுத்துக் காட்டினேன். கீழ்ப்பாதி முழுக்க ஈரம், கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை.

தொட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது. கணக்கைக் கேளுங்கள். சோபாவில் போடும் இரண்டடிக்கு இரண்டடி, நாலு இஞ்ச் குஷன், 32 டென்சிட்டி (ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ) என்றால் எடை சுமார் ஒன்றேகால் கிலோ. அது அடைக்கும் இடமோ சுமார் 38 லிட்டர். அதில் உண்மையான ஃபோம் ஒரு லிட்டர் அளவுதான், மீதியெல்லாம் காற்று. நீங்கள் முக்கும்போது அந்தக் காற்றின் இடத்தில்தான் தண்ணீர் போய் உட்காருகிறது. எவ்வளவு பிழிந்தாலும் முழுக்க வராது. மிச்சம் அடிப்பக்கம் இறங்கிவிடும், மேல்பக்கம் காய்ந்துவிடும். ஈரம் இரண்டு நாள் உள்ளே நின்றாலே பூஞ்சைக்குப் போதும். ஐப்பசி மழையில், சென்னைக் காற்றில், அது இரண்டு நாளில் எங்கே காய்வது?

எனக்கு ரொம்பவும் எரிச்சல் தருவது வெயில் மேல் நம் ஆட்களுக்கு இருக்கிற பக்தி. இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். பாட்டி வீட்டில் இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுவார்கள், பஞ்சு உப்பிக்கொண்டு புதுசு மாதிரி வரும். பஞ்சுக்கு அது சரி. ஃபோம் பஞ்சு இல்லை. வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டால் சாதாரண ஃபோமான பாலியூரித்தேன் மஞ்சளாகும், மேல்தோல் விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். லேடெக்ஸ், அதாவது ரப்பர் ஃபோம் என்றால் இன்னும் மோசம், காய்ந்து வெடித்துவிடும். அழுத்தினால் மெதுவாக எழும்பும் மெமரி ஃபோமை ஈரத்தோடு தூக்கினாலே தன் கனம் தாங்காமல் கிழியலாம். எந்த ஃபோமாக இருந்தாலும் நிழலில், நல்ல காற்றில், குத்தாக நிறுத்தி, ஃபேனைப் போட்டுவிடுங்கள். படுக்க வைக்காதீர்கள். சிலர் ஹேர் டிரையரைப் பக்கத்தில் பிடிக்கிறார்கள். ஃபோம் தீப்பிடித்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். விளையாட்டில்லை. பேனா மை போக தின்னர், பெட்ரோல் தடவுகிறவர்களுக்கும் இதேதான்.

குழந்தை மூச்சா போய்விட்டதா? உடனே உறையைக் கழற்றி, பழைய டவலை வைத்து முழங்கையால் அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். டவல் ஈரமாவது நிற்கும்வரை மாற்றி மாற்றி அழுத்துங்கள். பிறகு கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரை லேசாகத் தெளித்து மறுபடி ஒற்றி எடுங்கள். முழுக்கக் காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வாக்யூம் போடுங்கள். ப்ளீச் வேண்டவே வேண்டாம். மூத்திரத்தோடும் சரி, வினிகரோடும் சரி, அது சேர்ந்தால் விஷவாயு கிளம்பும்.

உறையில் ஜிப் இருக்கிறதே, துவைக்கத்தானே என்பார்கள். அந்த ஜிப் ஃபோமை உள்ளே திணிக்க நாங்கள் வைப்பது. காட்டன் உறை ஒரு தடவை துவைத்ததும் சுருங்கிவிடும், திரும்ப மாட்ட முடியாமல் என்னைத்தான் கூப்பிடுவீர்கள். அப்படியும் துவைப்பதென்றால் முதலில் உள்மடிப்பில் கொஞ்சம் நனைத்துப் பாருங்கள், சாயம் விடுகிறதா என்று.

எங்கள் தொழிலிலும் இப்படிக் கெடுக்கிற ஆள் இருக்கிறார்கள். ஷாம்பு அடித்து, பிரஷ் போட்டு, நுரை பொங்க வைத்து, ஈரத்தோடு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வருகிறவரிடம் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிற மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

தினசரிக்கு இதெல்லாம் எதற்கு? வாரம் ஒரு தடவை வாக்யூம், மாதம் ஒரு தடவை குஷனைத் திருப்பிப் போடுவது, அவ்வளவுதான். பெரிய சுத்தம் செய்தே தீருவேன் என்றால் மழைக்கு முன்னால் வையுங்கள், இல்லை போகிக்குத் தள்ளிப்போடுங்கள்.

வெள்ளத்தண்ணீர், சாக்கடைத்தண்ணீர் புகுந்த ஃபோமைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், அதுவும் வீசிங் உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில். உறையும் மரச்சட்டமும் நன்றாக இருந்தால் சோபாவையே மாற்ற வேண்டியதில்லை. ஃபோமை மட்டும் வெட்டி வாங்கிப் போடலாம். வாங்கும்போது டென்சிட்டியை பில்லில் எழுதச் சொல்லுங்கள். உட்காரும் குஷனுக்கு 32க்குக் குறைந்து வாங்காதீர்கள்.