12 வோல்ட்தானே என்று சொல்லாதீர்கள், தம்பிமாரே

திரும்பவும் ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. லுமாலா சைக்கிள். பின்கரியரில் பிளைவூட் பெட்டி, அதற்குள் இரண்டு சின்ன ஸ்பீக்கரும் ஒரு பேஸ் ஸ்பீக்கரும். வேலை நல்ல வேலை. பெட்டியின் மூலைகளை அரத்தால் உருட்டி, கறுப்புப் பெயின்ற் அடித்து, விளிம்பில் எல்ஈடி விளக்கு ஓடவிட்டிருக்கிறான், அதைக் கொண்டுவந்த தம்பி. இப்போது பெட்டியின் ஒரு பக்கம் முழுக்கக் கரி. பற்றறியிலிருந்து மேலே போகும் வயர்களின் பிளாஸ்டிக் உருகி, சீற்றுக்குக் கீழே பிறேமோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்த உருகிய பிளாஸ்டிக்தான் அவனுடைய கெண்டைக்காலிலும் ஒட்டியது. காலில் கட்டோடு வந்து, ஸ்பீக்கரைக் காப்பாற்ற முடியுமா என்று முதலில் கேட்டான். பிறகு, எல்லோரும் கேட்பதை அவனும் கேட்டான்: "12 வோல்ட்தானே அண்ணை, எப்பிடிப் பத்தினது?"

ரேடியோ, அம்பிளிஃபயர், சோலார் இன்வேட்டர் திருத்துவது என் தொழில். கிளிநொச்சியில் கடை. வைகாசி நெருங்கினால் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற பெடியள் சைக்கிளில் பாட்டுப் பூட்ட வருவார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக் காலத்திலும் அப்படித்தான். நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில், திரினிடாட், கயானா வழிவந்த இளைஞர்கள் சைக்கிளில் பெரிய பெரிய ஸ்பீக்கர் பூட்டி ஓடுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இப்பிடி வேணும்" என்று ஃபோனைக் காட்டுவார்கள். எனக்கு இதில் ஒரு வெறுப்பும் இல்லை. பழைய பிறேமை வெட்டி ஒட்டி, ஹாண்டிலை உயர்த்தி, தன் கையால் ஒரு சாமானைச் செய்து முடிக்கிற பிள்ளையை நான் மதிக்கிறேன். ஆனால் வரவர, பூட்ட வருகிறவர்களைவிட எரிந்த பிறகு வருகிறவர்கள்தான் கூடுகிறார்கள்.

அதனால் அந்த 12 வோல்ட் கதையை முதலில் முடித்துவிடுவோம். 12 வோல்ட் பற்றறியின் இரண்டு முனையையும் உலர்ந்த கையால் பிடித்தால் ஷாக் அடிக்காது. உண்மைதான். தோலின் தடை பெரிது, அவ்வளவு சின்ன வோல்ட்டால் அதற்குள் பெரிதாகக் கறன்ற் ஓட முடியாது. இதை வைத்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கையைச் சுடாதது பெட்டியையும் சுடாது என்று நினைக்கிறார்கள். ஷாக் அடிக்கத்தான் வோல்ட் வேண்டும். நெருப்புப் பிடிக்க அம்பியர், அதாவது ஓடுகிற கறன்ற்றின் அளவு, போதும்.

யூபிஎஸ்ஸுக்குள் இருக்கிற 12 வோல்ட், 7 அம்பியர்-அவர் சீல் பற்றறியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதிகமாகப் பூட்டுவது அதைத்தான். அதன் உள்தடை ஒரு ஓமின் நூறில் சில பங்குதான். அதன் ப்ளஸ்ஸும் மைனஸும் ஒரு துண்டுச் செப்பு வயரால் நேரே சேர்ந்தால், அந்தக் கணத்தில் நூற்றுக்கணக்கான அம்பியர் ஓடும். உங்கள் வீட்டுச் சதுரக்கால் பிளக்குக்குள் இருக்கிற பியூஸ் 13 அம்பியர். ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் வருவது 230 வோல்ட், ஆளைக் கொல்லும். அதனால் அதற்கு பிரேக்கர், ட்ரிப் சுவிச், பிளக்குக்குள் பியூஸ் என்று காவலுக்கு மேல் காவல் போட்டிருக்கிறோம். சைக்கிளில் இருக்கிற 12 வோல்ட்டுக்கு ஒரு காவலும் இல்லை. "ஒண்டும் செய்யாது" என்று நினைப்பதால் ஒன்றும் போடுவதில்லை.

நம்பாதவர்களுக்குக் கடையில் ஒன்று செய்து காட்டுவேன். வயருக்குள் இருந்து ஒரேயொரு செப்பு இழையை உருவி, குறட்டால் பிடித்து, பற்றறி முனைகளுக்குக் குறுக்கே வைப்பேன். கண் இமைக்கும் நேரத்தில் சிவந்து, பிசுக்கென்று அறுந்து தெறிக்கும். அப்போதுதான் பெடியள் ஒரு அடி பின்னால் போவார்கள். நீங்கள் வீட்டில் செய்து பார்க்கவேண்டாம், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நானும் செய்கிறேன்.

சைக்கிளில் அந்த இரண்டு முனையும் ஏன் சேரப்போகிறது என்று கேட்பீர்கள். எங்கள் கிறவல் ஒழுங்கைகளில் ஒரு கிழமை ஓடிப் பாருங்கள். வயர் எங்கே இரும்பு விளிம்பில் படுகிறதோ, எங்கே பலகைத் துளைக்குள்ளால் போகிறதோ, அங்கே அதிர்ந்து அதிர்ந்து தோல் தேயும். இந்தத் தம்பியின் வயர் சீற்றுக் குழாயின் கிளிப்பில் தேய்ந்திருந்தது. இன்னொரு கெட்ட பழக்கமும் இருக்கிறது. ஒரு வயரை மிச்சம் பிடிக்கலாம் என்று, மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல் பிறேமையே மைனஸாகப் பாவிக்கிறார்கள். பிறகு ப்ளஸ் வயர் சைக்கிளில் எந்த இடத்தில் தேய்ந்தாலும் ஷோர்ட்தான். இரண்டு வயரையும் தனித்தனியே இழுங்கள்.

மருந்து ஒன்றுதான்: பியூஸ். ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போடவேண்டும். அம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் போட்டால், அதற்கு முன்னால் உள்ள வயர் முழுவதும் காவல் இல்லாமல்தான் கிடக்கும். பியூஸ் காப்பது அம்பிளிஃபயரை என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. சின்ன அம்பிளிஃபயர் போர்ட்டுக்கு 5 அம்பியர் போதும், வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் போடுங்கள், பெல் வயர் வேண்டாம். துளைகளுக்கு இறப்பர் வளையம் வையுங்கள். பியூஸ் போனால் ஏன் போனது என்று தேடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைத்துக்கொண்டு வருகிறவர்களை எனக்குக் கண்டிக்காமல் இருக்க முடிவதில்லை. ஒரு பியூஸின் விலை ஒரு பிளேன்ரீயை விடப் பெரிதில்லை தம்பி.

இனி லிதியம். இது எனக்கு உண்மையாகவே பயம் தருகிற விஷயம். பழைய லப்டொப் பற்றறிகளை உடைத்து, உள்ளே இருக்கிற 18 மில்லிமீற்றர் அகலமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள உருளைச் செல்களை எடுத்து, மூன்றை வரிசையாகச் சேர்த்து, டேப் சுற்றி, "12 வோல்ட் பற்றறி" என்று பூட்டுகிறார்கள். பாரம் குறைவு, அதனால் ஆசை. ஒரு செல் முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட், மூன்றுக்கும் சேர்த்து 12.6. அதற்கு மேல் ஏற்றக்கூடாது. இதை மோட்டார் சைக்கிள் பற்றறி ஏற்றும் சார்ஜரில் போடுகிறார்கள். அந்தச் சார்ஜர் ஈயப் பற்றறிக்குச் செய்தது, 14.4 வோல்ட் வரைக்கும் தள்ளும். ஒரு செல்லுக்கு 4.8 ஆகிறது. சாமத்தில், சார்ஜில் போட்டுவிட்டு நித்திரை கொள்ளும்போது, படுக்கைக்குப் பக்கத்தில்.

அந்தச் செல் வெடித்து எரியத் தொடங்கினால் பக்கத்துச் செல்லையும் சூடாக்கி எரியவைக்கும். புகையும் நச்சு. எங்கள் தகரக் கூரை வீட்டிலும் ஓலை வேலிக்குப் பக்கத்திலும் அது என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உடைத்தெடுத்த செல்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவுக்குத் தளர்ந்தவை. மூன்றையும் சேர்த்தால் தளர்ந்தது முதலில் நிரம்பும், அதுதான் முதலில் கெடும். அதில் ஈயம் வைத்து வேறு ஒட்டுகிறார்கள். செல்லின் முனையில் சோல்டர் இரும்பை வைத்தாலே உள்ளே கெட்டுப்போகும். தொழிற்சாலையில் ஈயம் வைப்பதில்லை, புள்ளி வெல்டிங்தான் செய்வார்கள். லிதியம்தான் வேண்டுமென்றால், பாதுகாப்புப் போர்ட் உள்ளே வைத்துக் கட்டிய லிதியம் இரும்பு பொஸ்பேற் (LiFePO4) பற்றறி, அதற்குரிய சார்ஜருடன் வாங்குங்கள். அது சூட்டைக் கூடத் தாங்கும். காசில்லை என்றால் சீல் பற்றறி. மூன்றாவது வழி கிடையாது. சீல் பற்றறியைக்கூட முழுதாக மூடிய பெட்டிக்குள் வைத்து ஏற்றாதீர்கள், காற்றுப் போக ஓட்டை விடுங்கள். கடுமையாக ஏற்றினால் ஐதரசன் வரும்.

வாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பீக்கரில் "1000 வாட்" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். சாதாரண அம்பிளிஃபயர் போர்ட் 12 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது, கணக்குப்படி, ஏறக்குறைய 18 வாட். அதற்கு மேல் முறுக்கினால் சத்தம் கிழியும், ஸ்பீக்கர் சுருள் எரியும். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும். நல்ல உணர்திறன் உள்ள ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கினால் அதே பற்றறியில் அதைவிடக் கூடிய சத்தம் கிடைக்கும். கோயில் மரத்தில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர் குறைந்த வாட்டில் ஊர் முழுக்கக் கேட்பது அதனால்தான்.

டைனமோவால் ஏற்றலாமா என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி அப்பாமாரிடமிருந்து வருகிறது, எனக்குத் தெரியும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றறி வன்னிக்குள் வராது. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோ பூட்டிச் செய்தி கேட்ட தலைமுறை அது. அந்தக் கெட்டித்தனத்துக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். ஆனால் அந்தச் சின்ன ரேடியோ தின்றது ஒரு வாட்டுக்கும் குறைவு. சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதைக்கொண்டு பேஸ் ஸ்பீக்கர் அடிக்காது. டைனமோவை லைற்றுக்கே விட்டுவிடுங்கள், இரவில் ஏ9இல் லொறிக்காரனுக்கு நீங்கள் தெரியவேண்டும்.

இன்னொரு விஷயம், இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். காந்தம், செப்புக் கம்பி, குழாய், பழைய பற்றறி என்று சாமான் தேடிப் பற்றைக்குள்ளும் பழைய பங்கர் இருந்த இடங்களிலும் போகாதீர்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை எவ்வளவு காலமாக நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மண்ணுக்குள் இருந்து வந்த, இன்னதென்று தெரியாத எந்த இரும்பையும் என் மேசையில் கொண்டுவந்து வைக்கவும் வேண்டாம். கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் போய் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

பாரம்: பற்றறியை பிறேமின் முக்கோணத்துக்குள் கீழே வையுங்கள், வயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுக் காலுக்குப் படாமல் மறுபக்கத்தால் கொண்டுபோங்கள். கரியரில் எவ்வளவு தாங்கும் என்று அடித்திருப்பார்கள், பலவற்றில் 25 கிலோ. தம்பியை முன்பாரில் ஏற்றிக்கொண்டு, பின்னால் பெட்டியும் கட்டிக்கொண்டு, தேய்ந்த பிறேக் கட்டையோடு மாரி மழையில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. முதலில் பிறேக், பிறகு பாட்டு.

காது: 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணித்தியாலம் தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லும் கணக்கு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணித்தியாலம்தான். முதுகுக்குப் பின்னால் பெட்டி இருக்கிற உங்களுக்குத்தான் அது முதலில் கேட்கிறது. பாட்டுச் சத்தத்தில் பின்னால் வருகிற பஸ்ஸின் கோர்ன் கேட்காது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற ஒழுங்கையில் பகலிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போங்கள்.

பற்றி எரிந்தால்: சைக்கிளை விட்டு இறங்கி விலகுங்கள், ஸ்பீக்கரைக் காப்பாற்ற நிற்காதீர்கள். லிதியம் செல் என்றால் தூரத்தில் நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், சாக்கைப் போட்டு மூடினால் உள்ளே சூடு அடங்காது. சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள். பற்பசை, தேங்காய் எண்ணெய் ஒன்றும் பூசவேண்டாம். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிய்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இந்தத் தம்பி பிய்த்துவிட்டான், தோலும் சேர்ந்து வந்துவிட்டது. ஊதிப்போன செல்லைக் குப்பையோடு எரிக்காதீர்கள், கடைக்குக் கொண்டுவாருங்கள்.

அம்மா அப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை சைக்கிளில் பாட்டுப் பூட்டுகிறான் என்றால் தடுக்கவேண்டாம். பற்றறிக்குப் பக்கத்தில் பியூஸ் எங்கே என்று மட்டும் கேளுங்கள். காட்டத் தெரியவில்லை என்றால் சைக்கிளோடு என்னிடம் அனுப்புங்கள். மீற்றர் வைத்துப் பார்ப்பதற்கும் ஒரு பியூஸ் போட்டுக் கொடுப்பதற்கும் நான் காசு எடுப்பதில்லை.