இரண்டு மின்னல்களுக்கு நடுவே

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், தங்கம் எடுத்து மூடப்பட்ட ஹோம்ஸ்டேக் சுரங்கத்துக்குள் ஏறக்குறைய 1.5 கிலோமீட்டர் ஆழத்தில் 10 டன் திரவ செனான் இருக்கிறது. எல்இசட் என்ற அந்தக் கருவி தேடுவது கரும்பொருளை. பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள்தான் என்பதை அதன் ஈர்ப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. அது எதனால் ஆனது என்பதுதான் பிடிபடவில்லை.

செனான் காற்றில் ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லாத வாயு. மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே குளிர்வித்தால் திரவமாகி, நீரைப்போல் மூன்று மடங்கு கனக்கும். அந்த அடர்த்தியால் கரும்பொருள் துகள் ஏதாவதோர் அணுக்கருவில் முட்டும் வாய்ப்பு கூடுகிறது. வெளியிலிருந்து வரும் காமா கதிர்களும் பெரும்பாலும் ஓரத்துச் செனானிலேயே அடங்கிவிடுவதால், நடுப்பகுதி அமைதியாகக் கிடக்கிறது.

முட்டினால் அணுக்கரு ஒரு துளி நகரும். அக்கம்பக்கத்து அணுக்களை உலுக்கும். உடனே மங்கலான ஒரு புற ஊதா மின்னல். கூடவே சில எலெக்ட்ரான்கள் கழன்று, மின்புலம் இழுக்க மேலே மிதந்து போகின்றன. திரவத்தின் மேற்பரப்பைத் தாண்டி வாயு அடுக்குக்குள் நுழையும்போது அவை இன்னொரு மின்னலை எழுப்பும். இது முதலாவதைவிடப் பெரியது. மேலும் கீழுமாக 494 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் இரண்டையும் பதிவு செய்கின்றன.

கருவியின் சாமர்த்தியம் முழுக்க அந்த இரண்டாவது மின்னலில்தான். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, மோதல் எவ்வளவு ஆழத்தில் நடந்தது என்று சொல்லிவிடும். அடிமட்டத்திலிருந்து எலெக்ட்ரான் ஏறிவர ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு விநாடி ஆகிறது. மேலே எந்தக் குழாய்கள் அதிகம் ஒளிர்ந்தன என்பதிலிருந்து பக்கவாட்டு இடம் தெரியும். இரண்டு மின்னல்களின் விகிதமோ, அடிபட்டது அணுக்கருவா, வெறும் எலெக்ட்ரானா என்பதையே பிரித்துக் காட்டும். எலெக்ட்ரான் அடிபட்டிருந்தால் அநேகமாக அது சாதாரணக் கதிரியக்கம், தள்ளிவிடலாம்.

மற்றதெல்லாம் சுத்தம் பார்க்கும் வேலை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பொழியும் மியூவான் என்ற துகள்களைத் தடுக்கத்தான் இத்தனை ஆழம். செனானில் கலந்திருக்கும், கதிரியக்கமுள்ள கிரிப்டான் வாயுவைப் பிரித்தெடுக்க வேண்டும்; உலோகத்திலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவையும் கவனிக்க வேண்டும். பகுப்பாய்வாளர்களின் ஆசையைக்கூட நம்புவதில்லை! போலி மோதல்களைத் தரவுக்குள் ரகசியமாகக் கலந்துவிடுகிறார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் உப்பு போடுதல். பகுப்பாய்வு முடிந்த பிறகே எது உப்பு என்று தெரியும். 2024-இல் 280 நாள் தரவை இப்படிச் சலித்ததில் கரும்பொருள் எதுவும் சிக்கவில்லை.

ஆனால் அதே ஆண்டில் வேறொன்று எட்டிப்பார்த்தது. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் உள்ள செனான்-என்டி, சீனாவின் ஜின்பிங்கில் உள்ள பாண்டாஎக்ஸ்-4டி ஆகிய இரு செனான் கருவிகளிலும் சூரியனிலிருந்து வரும், எதிலும் எளிதில் மோதாத நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் அணுக்கருவைத் தட்டியதற்கான முதல் அறிகுறிகள் தெரிந்தன. இலேசான கரும்பொருள் துகள் ஒன்று தட்டினாலும் இப்படித்தான் இருக்கும். மண்ணும் பாறையும் நியூட்ரினோவுக்கு ஒரு பொருட்டே அல்ல என்பதால் இன்னும் ஆழமாகப் போயும் பயனில்லை. ஆய்வாளர்கள் இதை நியூட்ரினோ மூடுபனி என்கிறார்கள்.

எல்இசட் இருக்கும் அதே குகையில்தான் 1960-களில் ரேமண்ட் டேவிஸ் ஏறக்குறைய 3,80,000 லிட்டர் உலர்சலவைத் திரவத்தை வைத்து, இதே சூரிய நியூட்ரினோக்களுக்காகத் தவம் கிடந்தார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே அவருக்குக் கிடைத்தது. அந்த வேலைக்கு 2002-இல் நோபல் பரிசு வந்தது. அவர் தேடிப் பிடித்த விருந்தாளி இன்று இடைஞ்சல்.

மூடுபனியைக் கடக்க ஒரு வழி, திசையைப் பார்ப்பது. சூரியக் குடும்பம் பால்வழியைச் சுற்றி விநாடிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் ஓடுவதால், கரும்பொருள் சிக்னஸ் விண்மீன் குழுவின் பக்கமிருந்து எதிர்காற்றுபோல வீசவேண்டும். திரவ செனானில் அணுக்கரு நகரும் தூரம் மிகச் சிறியது, திசை தெரியாது. அதனால் அழுத்தம் குறைந்த வாயுவில் அந்தத் தடத்தை நீட்டிப் பார்க்கும் கருவிகளைச் சில குழுக்கள் உருவாக்கி வருகின்றன. வானில் சூரியன் போகும் பாதை ஆண்டின் எந்த நாளிலும் சிக்னஸைத் தொடுவதில்லை; அதனால் திசை தெரிந்தால் சூரிய நியூட்ரினோவையும் கரும்பொருளையும் பிரித்துவிடலாம்.